என்ன கேட்கிறோம், ஏன் கேட்கிறோம்? இசை கேட்பவராக நாம் ஆன வரலாறு



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவில் இசை ஆல்பங்களைக் கேட்பது பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவித்தபோது சில தோழர்கள் வருத்தப்பட்டார்கள். நிலம் இருக்கிறது, வன்கொடுமை வழக்குகள் இருக்கின்றன, இடஒதுக்கீடு இருக்கிறது. இவற்றை விட்டுவிட்டுப் பாட்டா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு நாம் தரும் விடைதான் இந்த உரை.

இசை விரும்பிகள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், அது ஏன் பிடித்திருக்கிறது? ஒருவர் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' என்பார். இன்னொருவர் அறிவும் ஓஃப்ரோவும் சேர்ந்து கொண்டுவந்த 'தெருக்குரல்' என்பார். மூன்றாமவர் பாப் மார்லியின் 'எக்ஸோடஸ்' என்பார். பிறகு ஒரு மணி நேரம் ஓடிவிடும். யாருக்கும் தீங்கில்லாத பேச்சு போலத் தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு முன்நிபந்தனை ஒளிந்திருக்கிறது. கேட்கப்படுபவர் தேர்ந்தெடுக்கக் கூடியவராக இருக்க வேண்டும். தனக்கென்று ஒரு நேரம், ஒரு கருவி, ஒரு விருப்பம், அதைச் சொல்ல ஒரு வாய் அவருக்கு இருக்க வேண்டும். நம்மிடம் இந்தக் கேள்வி எப்போதிலிருந்து கேட்கப்படுகிறது?

நாம் இசைப்பவர்கள் என்பதை இந்தச் சமூகம் ஒருநாளும் மறுத்ததில்லை. நாம் இசையைக் கேட்பவர்கள் என்பதைத்தான் மறுத்தது. இந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தை நம் மக்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதே நாம் பேச வந்த வரலாறு.

1. அடிக்கச் சொன்னவர்களும் அடிக்கத் தடை போட்டவர்களும்

பறையின் தொன்மையை நிறுவ நாம் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. தொல்காப்பியம் திணைகளுக்குரிய கருப்பொருள்களை எண்ணும்போது பறையையும் சேர்த்தே எண்ணுகிறது. புறநானூற்றின் 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைச் சொல்கிறது. இதை மேடைதோறும் நாம் சொல்லிவிட்டோம். போதுமான அளவு பேசாதது அதற்குப் பின் வந்த காலத்தைப் பற்றி.

பின்வந்த காலத்தில் பறை ஒரு கலையாக அல்ல, கடமையாக ஆக்கப்பட்டது. சாவுக்கு அடிக்க வேண்டும். கோயில் கொடைக்கு அடிக்க வேண்டும், ஆனால் கோயிலுக்கு வெளியே நின்று அடிக்க வேண்டும். ஊர்ச் செய்தியைத் தமுக்கடித்துச் சொல்ல வேண்டும். எப்போது தொடங்குவது, எங்கே நிற்பது, எப்போது நிறுத்துவது என்பதை ஊர் முடிவு செய்தது. அடிப்பவருக்குக் கிடைத்தது கொஞ்சம் தானியம், கொஞ்சம் சோறு, சாராயம், கூடவே இழிவு. உழைப்பு நம்முடையது, ஒலியின் மீதான உரிமை அவர்களுடையது.

இதன் மறுபக்கத்தைப் பாருங்கள். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் வட்டாரத்து ஆதிக்கச் சாதியினர் நம் மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 ஜூனில் அவை பதினொன்றாக விரிந்தன. ஜே.எச். ஹட்டன் அவற்றைத் தொகுத்துப் பதிவு செய்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே உடுத்தக் கூடாது, தங்க நகை அணியக் கூடாது, பித்தளை செம்புப் பாத்திரங்களில் தண்ணீர் எடுக்கக் கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது, நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுத்துப் பயிரிடக் கூடாது என்று நீளும் அந்தப் பட்டியலில், திருமணத்திலும் பிற விசேஷங்களிலும் மேளம் முதலிய இசை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் ஒன்று. நிலத்துக்கும் கல்விக்கும் போட்ட தடையோடு ஒரே வரிசையில் இசைக்கும் தடை போட்டிருக்கிறார்கள். பாட்டைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்ட தோழர்களுக்கு இதைத்தான் முதல் விடையாகச் சொல்வோம். ஒடுக்கியவர்கள் இசையை ஒரு சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

அவர்கள் வீட்டுச் சாவுக்கு நாம் அடிக்காவிட்டால் குற்றம். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் மேளம் வைத்தால் குற்றம். ஆகவே சிக்கல் ஒலியில் இல்லை. யாருக்காக, யார் விருப்பப்படி அது எழுகிறது என்பதில் இருக்கிறது. தன் மகிழ்ச்சிக்காக ஓர் இசையை வரவழைத்து, உட்கார்ந்து, தலையாட்டிக் கேட்கும் உரிமை மறுக்கப்பட்டது. அந்த இடத்தையே இந்த உரையில் 'கேட்பவர் என்ற இடம்' என்கிறோம்.

2. தட்டு, மைக் செட், வானொலி

1902இல் ஃபிரெட் கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தா வந்தார். அங்கே கௌஹர் ஜான் போன்றவர்களின் குரலைப் பதிவு செய்தார். 1908இல் கல்கத்தாவின் சியால்டாவிலேயே தட்டு தயாரிக்கும் ஆலை வந்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். இப்போது நாம் சாதாரணமாகச் சொல்லும் 'ஆல்பம்' என்ற சொல்லும் அந்தக் காலத்தில் பிறந்ததுதான். பல தட்டுகளைப் புகைப்பட ஆல்பம் போன்ற அட்டைப் புத்தகத்தில் செருகி விற்றார்கள். 1948இல் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்த பிறகு அத்தனை பாட்டும் ஒரே தட்டில் அடங்கின. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

தட்டு செய்த பெரிய காரியம், ஒலியை அது பிறந்த இடத்திலிருந்து பிரித்தது. கோயில் மண்டபத்திலும் மிராசுதார் வீட்டுக் கூடத்திலும் சபாவிலும் மட்டும் கேட்க முடிந்த குரல், தேநீர்க் கடைக்கு வந்தது. தமிழகத்தில் கிராமபோனும் வானொலியும் எப்படி ஒரு வெகுசன இசைப் பண்பாட்டை உருவாக்கின என்பதை ஆய்வாளர் ஸ்டீபன் ஹியூஸ் விரிவாக எழுதியிருக்கிறார். தட்டில் முதலில் பாடத் துணிந்தவர்களில் தேவதாசிக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் கணிசமானவர்கள். பிறகு நாடக மேடை வந்தது. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் தட்டு வழியாகத்தான் நாடகக் கொட்டகைக்குப் போகாதவர்களின் காதுகளையும் எட்டினார்கள்.

இதே காலத்தில் இன்னொரு திசையிலும் வேலை நடந்தது. 1928இல் சென்னை மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது. எது சங்கீதம், எப்படிப் பாட வேண்டும், கேட்பவர் எப்படி உட்கார்ந்து கேட்க வேண்டும் என்ற இலக்கணங்கள் உறுதிப்பட்டன. 1943இல் தமிழ் இசைச் சங்கம் எழுந்து, தெலுங்குக் கீர்த்தனைகளின் ஆதிக்கத்தைக் கேள்வி கேட்டது. தேவையான கேள்விதான். ஆனால் பாடும் மொழியைப் பற்றிய அந்த விவாதத்தின் மையத்தில் பறை இல்லை. கேட்க உட்காருபவர் யார் என்பதும் இல்லை.

தட்டு ஓட்டும் கருவி நம் வீடுகளில் இல்லை. ஆனால் தேநீர்க் கடையில் இருந்தது. அங்கே நமக்குத் தனிக் குவளை, வெளியே குந்துவதற்குத் தனி இடம். பாட்டுக்கு மட்டும் தனித் தட்டு வைக்க அவர்களால் முடியவில்லை. உள்ளே பெஞ்சில் இருந்தவருக்கும் வெளியே தரையில் இருந்தவருக்கும் ஒரே பாட்டுத்தான் கேட்டது. இதைச் சமத்துவம் என்று நாம் சொல்லவில்லை. தீட்டின் விதிகளை ஒலி முழுமையாக மதிக்கவில்லை என்று மட்டும் சொல்கிறோம்.

அதற்குப் பிறகு வந்தது மைக் செட். இசை வரலாற்று நூல்களில் மைக் செட்டுக்கு இடமில்லை. நம் வரலாற்றில் அதற்கு ஓர் அத்தியாயமே வேண்டும். மேளம் வைக்கத் தடை இருந்த வட்டாரங்களின் சேரிகளில், பூப்பு நீராட்டுக்கும் கல்யாணத்துக்கும் வேப்ப மரத்திலோ புளிய மரத்திலோ புனல் ஒலிபெருக்கியைக் கட்டினார்கள். தட்டுப் பெட்டியோடு வந்த பையனைச் சுற்றி நின்று, இந்தப் பாட்டைப் போடு, அந்தப் பாட்டைப் போடு என்று நம் பிள்ளைகள் கேட்டார்கள். மாப்பிள்ளை ஊர்த்தெரு வழியாகப் போக முடியாது, ஆனால் அவர் கல்யாணப் பாட்டு போய்விட்டது. புனல் எந்தப் பக்கம் பார்த்துக் கட்டப்பட்டிருக்கிறது என்பதற்காகவே பிரச்சினை வந்த ஊர்களை நம் மூத்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். கேட்பவர் என்ற இடத்தை நாம் முதலில் கூட்டமாகத்தான் பிடித்தோம்.

வானொலியின் கதை வேறு. 1938இல் சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியது. எதைக் கேட்கத் தகுதி உண்டு என்று அது மேலிருந்து முடிவு செய்தது. 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியது. 1952இல் பி.வி. கேஸ்கர் அமைச்சராக வந்த பிறகு திரைப்பாடல்களுக்கு நெருக்கடி வந்தது. மக்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957இல் விவித் பாரதி தொடங்கப்பட்டதற்கு இந்தத் திருப்பலும் ஒரு காரணம். கேட்பவர்களின் விருப்பத்துக்கு ஓர் அரசு நிறுவனமே இறங்கி வர வேண்டியிருந்தது.

இலங்கை வானொலியின் நேயர் விருப்பத்தை இங்கே இருக்கும் மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓர் அஞ்சலட்டையில் பாட்டின் பெயர், விரும்பிக் கேட்பவர் பெயர், ஊர். பி.எச். அப்துல் ஹமீது, கே.எஸ். ராஜா போன்றவர்களின் குரல்கள் தமிழகக் கிராமங்களில் வீட்டுக் குரல்களாகிவிட்ட காலம் அது. அறிவிப்பாளர் வாசிக்கும் பெயர் வரிசையில் ஊர் இருந்தது, தெரு இல்லை. சேரிப் பையனின் பெயரும் ஊர்ப் பையனின் பெயரும் ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டன. எனக்கு இந்தப் பாட்டு பிடிக்கும் என்று நம்மில் ஒருவர் பொதுவெளியில் சொல்லி, அது கடல் கடந்து திரும்பி வந்து அவர் காதிலேயே விழுந்தது. சிறிய நிகழ்வுதான். அதற்கு முன்பு அப்படி ஒன்று நடந்ததில்லை.

3. கேசட் காலம்

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கேசட்டை அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் அது பெருகியது 1970களின் கடைசியிலும் 80களிலும். வளைகுடாவுக்குப் போனவர்கள் டூ-இன்-ஒன் கொண்டுவந்தார்கள். சிறு நகரங்களில் ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. அறுபது நிமிடக் கேசட்டோ தொண்ணூறு நிமிடக் கேசட்டோ வாங்கி, ஒரு நோட்டுத் தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால், இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். ஏ பக்கம் சோகம், பி பக்கம் காதல் என்று நாமே தொகுத்துக்கொண்டோம். ஒவ்வொரு தாளும் ஒரு தொகுப்பாசிரியரின் வேலை. அந்தத் தாள்கள் இன்று கிடைத்தால் நம் மக்களின் உள்மனதைப் பற்றி எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாததைச் சொல்லும்.

கேசட்டின் ஆற்றல் விலையில் மட்டும் இல்லை. அதில் பதியலாம், அழிக்கலாம், படி எடுக்கலாம். ஸ்டுடியோவும் பெரிய கம்பெனியும் இல்லாமல் ஒருவர் பாடி ஊர் ஊராக அனுப்பலாம். வட இந்தியாவில் இது இசைத் தொழிலின் ஏகபோகத்தை எப்படி உடைத்தது என்பதைப் பீட்டர் மானுவல் 1993இல் வெளிவந்த தம் நூலில் காட்டினார். தலித் இயக்கங்களுக்கு அது இன்னும் பெரிய திறப்பாக இருந்தது.

மகாராட்டிரத்தில் பீம் கீதங்கள் கேசட்டுக்கு முன்பே இருந்தன. வாமன்தாதா கர்டக் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடி அம்பேத்கரின் சொற்களைப் படிக்காத மக்களிடம் சேர்த்தார்கள். கேசட் அந்தப் பாடல்களை வீட்டுக்குள் கொண்டுபோனது. டிசம்பர் 6 அன்று மும்பை சைத்யபூமிக்குப் போய் வந்த தோழர்களுக்குத் தெரியும், புத்தகக் கடைகளுக்குப் பக்கத்திலேயே பாட்டுக் கடைகளும் இருக்கும். கூலி வேலை செய்யும் குடும்பம் ஒரு புத்தகமும் ஓர் ஆல்பமும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும். அங்கே ஏன் கேட்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. விடை எல்லோருக்கும் தெரியும்.

தமிழகத்தில் இந்த இடத்தில் நாம் கே.ஏ. குணசேகரனை நினைக்காமல் இருக்க முடியாது. 1930இன் தடைகள் எழுந்த அதே இராமநாதபுரச் சீமையின் மாரந்தையில் 1955இல் பிறந்தவர். நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர், தன்னானே கலைக்குழுவைக் கட்டியவர், 'பலி ஆடுகள்' நாடகம் தந்தவர், 'வடு' என்ற தன்வரலாற்றை எழுதியவர். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாடல், குணசேகரனின் குரலில்தான் தமிழகம் முழுவதும் போனது. மேடையில் கேட்டவர்கள் சிலர். கேசட்டில் கேட்டவர்கள் பலர். அந்தப் பாட்டைக் கேட்ட பிறகு நம் தெருவில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்த பார்வை மாறியது. 2016 ஜனவரியில் குணசேகரனும் அதே ஆண்டு டிசம்பரில் இன்குலாபும் மறைந்தார்கள். பாட்டு நம்மிடம் இருக்கிறது.

மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு இன்னொரு வழியில் போனார். பரட்டை என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டுகளில் கிறித்தவ வழிபாட்டுப் பாடல்களை எழுதினார். கீர்த்தனையும் மேற்கத்திய ஞானப்பாட்டும் ஆண்ட தேவாலயத்துக்குள் கிராமத்து மெட்டையும் பேச்சுத் தமிழையும் கொண்டுவந்தார். பாட்டை எழுதியவர் சொன்னபடியே பாட வேண்டும் என்று அவர் கட்டாயப்படுத்தவில்லை. கேட்பவர்கள் தங்கள் வட்டாரத்துக்கு ஏற்ப மாற்றிப் பாடட்டும் என்றார். அவரைப் பற்றி ஆய்வு செய்த ஸோயி ஷெரினியன் இந்த மாற்றிப் பாடுதலை மிக முக்கியமானதாகக் காண்கிறார். நாமும் அப்படியே காண்கிறோம். அங்கே கேட்பவர் என்ற இடமும் ஆக்குபவர் என்ற இடமும் ஒன்றாகிவிடுகின்றன. சபா இலக்கணத்தில் இதற்கு இடமே இல்லை.

4. ஏன் கேட்கிறோம்?

இசை ரசனை தனிமனிதரின் இயல்பான விருப்பம் அல்ல, வர்க்கத்தின் அடையாளம் என்று காட்டியவர் பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ. 1979இல் வெளிவந்த 'டிஸ்டிங்ஷன்' என்ற அவருடைய நூலில், பாக்கின் பியானோ இசையை விரும்புபவர் யார், 'புளூ டான்யூப்' வால்ட்ஸை விரும்புபவர் யார் என்று கள ஆய்வின் வழியே வகுத்துக் காட்டினார். நமக்கு அவர் மிகவும் பயன்படுகிறார், ஆனால் போதவில்லை. பிரான்சில் கீழ்வர்க்கத்தின் ரசனையை மட்டமானது என்றார்கள். இங்கே நம் இசையைத் தீட்டு என்றார்கள். மட்டமானதைக் கற்று மேலேறிவிடலாம் என்ற நம்பிக்கையாவது அங்கே உண்டு. தீட்டுக்கு அந்த வழி இல்லை.

அமைப்பின் கூட்டங்கள் முடிந்த பிறகு, தேநீர் குடிக்கும் நேரத்தில், என்ன கேட்கிறீர்கள், ஏன் என்று நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் பழக்கம் சில ஆண்டுகளாக இருக்கிறது. அங்கே வந்த விடைகளில் சிலவற்றைப் பெயர் சொல்லாமல் இங்கே வைக்கிறோம்.

பள்ளி ஆசிரியையான ஒரு தோழர் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தைப் பல ஆண்டுகளாகக் கேட்கிறார். 1986இல் வெளிவந்த அதை இளையராஜா தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். தோழர் சொன்ன காரணம் வேறு. "அதில் வார்த்தையே இல்லை. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க என் பேச்சு வழக்கைத் திருத்திக்கொண்டே இருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் திருத்த வேண்டாத ஒன்று வேண்டியிருக்கிறது."

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இன்னொருவர் கர்நாடக இசை கேட்கிறார். தோழர்கள் கேலி செய்தபோது அவர் கோபப்படவில்லை. "நம்முடையது இல்லை என்று எத்தனை பொருளைத்தான் விட்டுக்கொண்டே போவது? எனக்கு ஆபோகி பிடிக்கிறது. பிடிக்கிறது என்று சொல்ல யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?" என்றார்.

மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் இளைஞர் 'தெருக்குரல்' கேட்கிறார், இயர்போனில் மட்டும். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் என்ன பாட்டு என்று கேட்டால் வேறொரு பாட்டின் பெயரைச் சொல்கிறார். பாட்டு, சாதிச் சான்றிதழைப் போல ஆகிவிட்டது என்றார். வடசென்னைத் தோழர் ஒருவர் மரண கானா விஜியின் பாடல்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறார். சாவு வீட்டில் உட்கார்ந்து விடிய விடியக் கேட்ட பாட்டுகள் அவை. சினிமாவுக்குள் போன கானாவில் சாவு மறைந்து கேலி மட்டும் மிஞ்சிவிட்டது என்பது அவருடைய வருத்தம்.

இந்த விடைகளில் ஒன்றுகூட மற்றொன்றைப் போல் இல்லை. இதுவே நாம் கற்க வேண்டிய பாடம் என்று நினைக்கிறோம். வெளியார் நம்மிடம் எதிர்பார்ப்பது ஒரே விடையை. தலித் என்றால் பறை கேட்பார், கானா கேட்பார், கோபமான பாட்டு கேட்பார் என்று ஒரு சட்டம் தயாராக இருக்கிறது. முன்பு கேட்கக் கூடாது என்றார்கள். இப்போது இதைத்தான் கேட்பாய் என்கிறார்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன.

பறையைப் பற்றியே நம்மிடம் ஒத்த கருத்து இல்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. 1927 மகாடில் அம்பேத்கர் இழிதொழில்களை உதறச் சொன்னார். அந்த வழியில் சாவுக்குப் பறையடிக்க மறுத்து, பறையை உடைத்தும் எரித்தும், அதற்காக அடியும் ஊர் விலக்கமும் வாங்கிய தலைமுறை ஒன்று நம் ஊர்களில் இருக்கிறது. அவர்களுக்குப் பறை ஒலி என்பது அப்பாவின் குனிந்த முதுகு. 1990களின் தலித் கலை விழாக்களில் அதே பறை விடுதலையின் கருவியாக மேடை ஏறியது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள், பெண்கள் தொடக் கூடாது என்று இருந்ததை எடுத்துத் தோளில் மாட்டி ஆடினார்கள். மகள் பெருமையோடு கேட்கும் பறை ஆல்பத்தை அணைக்கச் சொல்லும் தந்தை இன்றும் இருக்கிறார். அவரைப் பிற்போக்கானவர் என்று சொல்லிவிட வேண்டாம். அவர் போராடி வாங்கியது கேட்காமல் இருக்கும் உரிமை. மகள் போராடி வாங்கியது விரும்பிக் கேட்கும் உரிமை. இரண்டும் ஒரே உரிமையின் இரண்டு பக்கங்கள்.

5. கைப்பேசி காலம்

எல்லோர் கையிலும் கைப்பேசி வந்துவிட்டது, இனி யார் எதைக் கேட்டால் யாருக்கு என்ன என்று நினைக்கிறோம். 2015 மே மாதம் மகாராட்டிரத்தின் ஷீரடியில் செவிலியர் படிப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு தலித் இளைஞரின் கைப்பேசி ஒலித்தது. அதன் ரிங்டோன் அம்பேத்கர் பற்றிய பாட்டு. அருகில் இருந்த ஆதிக்கச் சாதி இளைஞர்கள் அதை அணைக்கச் சொன்னார்கள். தகராறு முற்றி, அவரை இழுத்துச் சென்று அடித்துக் கொன்றார்கள். சில விநாடிகள் மட்டும் ஒலிக்கும் பாட்டு அது. 1931இல் மேளத்துக்குப் போட்ட தடையும் 2015இல் ரிங்டோனுக்குப் போட்ட தடையும் 84 ஆண்டு இடைவெளியில் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கின்றன: உன் விருப்பம் எங்கள் காதில் விழக் கூடாது.

ஆகவே நம் விருப்பம் காதில் விழும்படி செய்வது அரசியல் செயல்பாடே. 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் முறையாக மேடை ஏறியது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயருக்கு அயோத்திதாசரின் சாதி பேதமற்ற தமிழர் என்ற சிந்தனை ஊற்று. கானாவும் ராப்பும் ராக்கும் கலந்து, மாட்டிறைச்சியையும் இடஒதுக்கீட்டையும் பாடினார்கள். 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை', சபாக்களின் மாதத்திலேயே நம் இசைக்கும் கேட்பவர்களை உட்காரவைத்தது. மேடையில் இருந்தவர்களைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. கீழே இருந்த நாற்காலிகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. நம் அம்மாக்களும் அத்தைகளும் அங்கே இசை நிகழ்ச்சி பார்ப்பவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போக வேண்டியிருக்கவில்லை.

கேட்பவர்களுக்கு ஒரு கடமையும் உண்டு. 2021இல் 'என்ஜாய் எஞ்சாமி' உலகமெங்கும் போனது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பி வந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அறிவு அந்தப் பாடலை எழுதினார். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அந்தப் பாடலைப் பாடிய இன்னொருவர் இருந்தார், அறிவு இல்லை. கேள்விகள் எழுந்த பிறகே அவருக்குத் தனி மின்னட்டை வந்தது. கேட்பவர்கள் கேள்வி கேட்டதால் நடந்த திருத்தம் அது.

இன்னொன்று. டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்', மிருதங்கம் செய்பவர்களைப் பற்றியது. அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். மாட்டுத் தோலையும் ஆட்டுத் தோலையும் எருமைத் தோலையும் தேர்ந்து, இழுத்துக் கட்டி, நாதத்தைக் காதால் சோதித்து, வித்வானின் விரலுக்கு ஏற்ப மாற்றித் தருபவர்கள். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்து இருந்தார். அந்த நூலின் வெளியீட்டுக்குத் தந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. வேறிடத்தில் வெளியீடு நடந்தது. மிருதங்கம் செய்பவர் தோல் வேலை மட்டும் செய்யவில்லை. சுருதி சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேட்பவர் அவர். சபாவில் உட்காரும் எந்த ரசிகரையும் விடக் கூர்மையான காது அவருடையது. ஆல்பத்தின் அட்டையில் அவர் பெயர் இருப்பதில்லை.

6. நாம் செய்ய வேண்டியவை

இந்த உரையைக் கோரிக்கைகளோடு முடிக்கவே விரும்புகிறோம்.

முதலாவது, கேசட்டுகளைக் காப்பாற்ற வேண்டும். 80களிலும் 90களிலும் நம் இயக்கங்கள் வெளியிட்ட பாடல்கள் பரணில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. காந்த நாடாவுக்கு ஆயுள் குறைவு. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு தோழர் பொறுப்பேற்று, கிடைப்பதைச் சேகரித்து, எண்ணிமப் படி எடுத்து வைக்க வேண்டும். அட்டையையும் சேர்த்துப் படம் எடுங்கள். பாடியவர், மெட்டமைத்தவர், வாசித்தவர் பெயர்கள் அங்கேதான் இருக்கின்றன.

இரண்டாவது, பாடியவர்களிடம் மட்டும் நேர்காணல் எடுப்பதை மாற்ற வேண்டும். கேட்டவர்களிடமும் எடுங்கள். மைக் செட் கட்டியவர், ரெக்கார்டிங் சென்டர் நடத்தியவர், வானொலிக்கு அஞ்சலட்டை போட்டவர், பறையை எரித்தவர், எல்லோரும் நம் இசை வரலாற்றின் சாட்சிகள். அவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது.

மூன்றாவது, நம் வீட்டுக்குள் இருப்பவர்களிடம் கேட்பது. பாட்டுப் பெட்டி எப்போதும் ஆண்களின் கையில்தான் இருந்தது. டேப் ரெக்கார்டரை இயக்கியது அண்ணன், கேசட் வாங்கியது அப்பா. அம்மா சமையலறையிலிருந்து, யாரோ தேர்ந்தெடுத்ததைக் கேட்டார். ஊர் நமக்குச் செய்ததை நாம் வீட்டில் செய்துகொண்டிருந்தோம். உங்களுக்கு என்ன பாட்டு வேண்டும் என்று அவரிடம் கேட்டிருக்கிறோமா? இன்று இரவே கேட்கலாம். அவர் சொல்லும் பெயரையும், ஏன் என்று அவர் சொல்லும் காரணத்தையும் அப்படியே எழுதி நம் அமைப்புக்கு அனுப்புங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் அவற்றைத் தொகுத்து வாசிப்போம்.

ஜெய்பீம்.